அக்காவுக்கு வந்த இரண்டு கடிதங்கள்

எங்கள் காலத்தில் டொரன்டோவில் பதின்மூன்றாம் வகுப்பு என்று ஒன்று இருந்தது. நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால், பன்னிரண்டில் ஃபெயில் ஆனவர்கள் உட்காரும் வகுப்பா என்று கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் மட்டும் படித்த வகுப்பு அது என்று சொன்னாலும் நம்புவதில்லை. என் அக்கா அந்த வகுப்பில் இருந்தபோது நான் ஆறாம் வகுப்பு. எழுபதுகளின் முற்பகுதி. அந்த வசந்தகாலத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. அவற்றைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்ததை எழுதிவைக்கிறேன்.

நாங்கள் திருச்சியிலிருந்து வந்து மூன்றரை வருடம் ஆகியிருந்தது. டொரன்டோவின் கிழக்கோரத்தில், வோபர்னில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் குடியிருந்தோம். தெருவில் நம் முகம் ஒன்றைப் பார்த்தால் நின்று பெயர் கேட்கிற காலம் அது. கட்டடத்திலேயே இன்னொரு தமிழ்க் குரல் கீழ்வீட்டு அன்ரியுடையது. யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரியில் தாதி வேலை. அவர் பேசுவதில் பாதி எனக்கு முதலில் புரியாது. ஆனால் அவர் வீட்டுக் குழம்பு வாசம் மாடிப்படி வழியாக மேலே வரும்போது எல்லாம் புரிந்துவிடும். மல்வேர்ன் பக்கம் அப்போதுதான் வயல்களில் குழி தோண்டி வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் ஜன்னலில் இருந்து பார்த்தால் கிரேன் தெரியும்.

அம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் பார்த்தாள். நாலு மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது அவள் மேல் வெனிலா வாசம் அடிக்கும். கோட்டைக் கழற்றி மாட்டிய பிறகும் அந்த மூலை இனிப்பாகவே மணக்கும். நான் அந்தக் கோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பேன்.

அப்பா ஊரில் பொதுப்பணித்துறை என்ஜினீயர். இங்கே வரைபட மேசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் கணக்குப் போட்ட தண்ணீர்க் குழாய்களைக் கோடு கோடாக வரைந்துகொண்டிருந்தார். அந்த வேலைக்கு வந்த கதையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

அப்பாவின் ஆங்கிலம் தாளில் அழகானது. அவர் எழுதிய விண்ணப்பக் கடிதத்தில் கமா இடம் தவறி நிற்காது. ஆனால் தொலைபேசியில் அவர் பேசினால் அந்தப் பக்கம் இருப்பவருக்குப் புரியாது. "பார்டன்?" என்பார்கள். அப்பா திரும்பச் சொல்வார். மறுபடி "பார்டன்?" மூன்றாவது முறை வேலை நிரம்பிவிட்டது என்று சொல்லி வைத்துவிடுவார்கள். முதல் குளிர்காலத்தில் இப்படி எத்தனையோ முறை நடந்தது. ஒருநாள் ரிசீவரை வைத்துவிட்டு, நடைக்கூடத்துச் சுவரைப் பார்த்தபடியே நின்றார். பதினைந்து வயது அக்கா எழுந்து போய், செய்தித்தாளில் அடுத்த விளம்பரத்தில் இருந்த எண்ணைச் சுழற்றினாள். வெள்ளைக்காரி மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, "வணக்கம், நான் அவருடைய செயலாளர் பேசுகிறேன். அவர் உங்களைச் சந்திக்க வசதியான நாள் எது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

மூன்றாவது கம்பெனியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். வேலையும் கிடைத்தது. கொஞ்ச நாள் கழித்து அங்கே மேலாளர், "உங்களிடம் ஒரு செயலாளர் இருந்தாரே, நன்றாகப் பேசினார், அவர் இப்போது எங்கே?" என்று கேட்டாராம். "இன்னும் என்னிடம்தான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு வந்ததாக அப்பா எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் தொலைபேசி அக்காவின் பொறுப்பு. ஹீட்டர் வேலை செய்யவில்லையென்றால் அக்கா. பல் டாக்டர் என்றால் அக்கா. அப்பா அந்தக் கருவியைத் தொடுவதையே விட்டுவிட்டார். அது எங்களுக்கு ஒரு வசதியாகத்தான் தெரிந்தது. அதில் அவர் எதை இழந்தார் என்று அன்றைக்கு யார் யோசித்தோம்?

அக்காவுக்குத் தண்ணீர்ப் பைத்தியம். குடிக்கிற தண்ணீர் இல்லை. சனிக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி ஸ்கார்பரோ மேட்டுக்குப் போவாள். வெள்ளைக் களிமண் மலை செங்குத்தாக ஏரியில் இறங்கும் இடம். வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கி, ஊறுகாய் போத்தல்களில் ஏரித் தண்ணீரைப் பிடித்து வருவோம். தேதி எழுதி ஒட்டி ஜன்னல் ஓரம் வரிசையாக வைப்பாள். உயிரியல் ஆசிரியை பள்ளியில் மூலையில் கிடந்த ஒரு பழைய மைக்ராஸ்கோப்பை அவளுக்கு இரவல் கொடுத்திருந்தார். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மணிக்கணக்காகப் பார்ப்பாள், நோட்டில் வரைவாள். நான் தொட்டால் கையில் அடிப்பாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் அம்மா ஜன்னல் ஓரத்தைச் சுத்தம் செய்தாள். பச்சையாகப் பாசி பிடித்துக் கிடந்த போத்தல்களைப் பார்த்து, கெட்டுப்போன தண்ணீர் என்று எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டி, சுடுதண்ணீரில் கழுவி, எலுமிச்சை ஊறுகாய் போட்டுவிட்டாள். பள்ளியில் இருந்து வந்த அக்கா ஊறுகாய் போத்தல்களைப் பார்த்தாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா வெளியே நின்று, "என்னடி இது, அழுக்குத் தண்ணிக்கா அழுவுற?" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். செப்டம்பரில் இருந்து பிடித்த தண்ணீர் அது.

முதல் கடிதம் ஏப்ரலில் வந்தது.

டொரன்டோப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே, தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு மட்டும் என்று ஒரு சிறிய கல்லூரி இருந்தது. பெயர் எதற்கு? எங்கள் வீட்டில் அதை ஆனர்ஸ் காலேஜ் என்போம். அங்கே மனுப் போட்டால் மட்டும் போதாது. கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். அக்காவின் நேர்முகத்துக்கு அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ், பிறகு வார்டன் ஸ்டேஷனில் இருந்து சப்வே ரயில். கல்லால் கட்டிய வாசல், உள்ளே கறுத்த மரப் படிக்கட்டு, மெழுகு வாசம். சுவரெங்கும் இறந்துபோன பேராசிரியர்களின் படங்கள். கறுப்பு அங்கி போட்ட மாணவர்கள் புத்தகத்தை அணைத்துக்கொண்டு படியில் ஏறினார்கள். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கோயிலுக்குள் நிற்பதைப் போல நின்றார்.

"இந்தப் படியில என் பொண்ணு ஏறி இறங்குறதை நான் பாக்கணும்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குள் சொல்லிக்கொண்டாரா தெரியாது.

இடம் கிடைத்துவிட்டது என்றுதான் அந்தக் கடிதம் சொன்னது. அப்பா அதை நாலு முறை வாசித்தார். அப்புறம் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். பள்ளியில் ஆலோசனை ஆசிரியர் அப்பாவைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். "உங்களுக்கு ஏற்ற இடம் இதுதான். உங்கள் ஆட்கள் பெண்களைத் தூரமாக அனுப்பமாட்டார்கள். அதனால்தான் வெளியூருக்கு மனுப் போடவேண்டாம் என்று இவளிடம் முன்பே சொல்லிவிட்டேன்" என்றாராம். நல்ல மனிதர். நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் யாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அவர் சொன்னதைக் கேட்காமல் அக்கா வெளியூருக்கும் மனுப் போட்டிருந்தது எனக்கு மட்டும் தெரியும்.

இரண்டாவது கடிதத்தைத் தபால் பெட்டியில் இருந்து எடுத்து வந்தவள் நான். தடித்த பழுப்பு உறை. கிழக்கே அட்லாண்டிக் கரையில் ஒரு சிறிய ஊர்ப் பல்கலைக்கழகம். அக்கா அதை எங்கள் அறையில், என் கட்டிலில் உட்கார்ந்து பிரித்தாள். வாசிக்கும்போது அவள் காது சிவந்தது.

"என்ன அக்கா?"

"ஃபுல் ஸ்காலர்ஷிப். நாலு வருஷமும். ரூமு, சாப்பாடு, எல்லாம்."

"அப்ப நீ அங்க போறியா?"

"போகல. யார்கிட்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணு."

கடல் உயிரியல் படிப்பு. அக்கா ஏரித் தண்ணீரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி மனுவோடு அனுப்பியிருந்தாள். அச்சடித்த கடிதத்தின் கீழே ஒரு பேராசிரியர் பேனாவால் இரண்டு வரி எழுதியிருந்தார்: நீங்கள் ஏரியில் பார்த்ததை நாங்கள் கடலில் பார்த்துக்கொண்டிருக்கிறோம், வந்து சேர்ந்துகொள்ளுங்கள். அந்த இரண்டு வரியை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு கடிதத்தை மடித்துத் தன் பெரிய அட்லஸ் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். நான் சத்தியம் பண்ணினேன். உண்மையைச் சொல்கிறேனே, அவள் போனால் அறை எனக்கு மட்டும் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. அடுத்த நிமிடம் இருட்டில் தனியாகப் படுக்க வேண்டுமே என்று அவள் கட்டிலைப் பார்த்தேன்.

சத்தியத்தை நான் பத்து நாள் காப்பாற்றினேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பா விருந்து வைத்தார். ஆனர்ஸ் காலேஜ் விருந்து. அம்மா கேசரி கிண்டி, வடை சுட்டிருந்தாள். மிசிசாகாவில் இருந்து அப்பாவின் நண்பரும் அவர் மனைவியும் காரில் வந்தார்கள். எங்களுக்குத் தெரிந்தவர்களில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நாங்கள் மிசிசாகா மாமா என்போம். கீழ்வீட்டு அன்ரி ட்யூட்டி முடிந்து காலில் வெள்ளைச் சப்பாத்துடனேயே வந்துவிட்டார். அப்பா கடிதத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். படிக்கட்டையும் படங்களையும் கையை வீசி வீசி வர்ணித்தார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

நான் அப்போது மிசிசாகா மாமிக்கு மைக்ராஸ்கோப்பைக் காட்டலாம் என்று தூக்கிக்கொண்டு வந்தேன். அக்கா எல்லோர் முன்னாலும் அதைப் பிடுங்கினாள்.

"எத்தனை தடவை சொல்றது? குழந்தையா நீ? உனக்கு அறிவே இல்லையா?"

எனக்கு முகம் எரிந்தது. வாயில் இருந்து தானாக வந்துவிட்டது.

"அக்காவுக்கு இன்னொரு லெட்டர் வந்திருக்கு! ஃபுல் ஸ்காலர்ஷிப்! அட்லஸ்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா!"

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா கீழே பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து வந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் நின்றபடியே வாசித்தார்.

மிசிசாகா மாமா எட்டிப் பார்த்து, "ஃபுல் ஸ்காலர்ஷிப் சரி, ஆனா ஊர் எங்கேயோ இருக்கே சார். மீன் பிடிக்கிற ஊரு. அங்க போய் நம்ம பொண்ணு என்ன பண்ணும்? கையில ஆனர்ஸ் காலேஜ் இருக்கு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

"நான் யோசிக்கல மாமா. ஆனர்ஸ் காலேஜ்தான்னு முடிவு பண்ணிட்டேன். அதனாலதான் சொல்லல" என்றாள் அக்கா.

அப்பா கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார். "வடை ஆறுது, சாப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் படிக்கட்டைப் பற்றி அவர் பேசவில்லை.

விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போது கீழ்வீட்டு அன்ரி அம்மாவோடு அடுப்படியில் நின்றார். நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் இருபது வயசில தனியத்தான் லண்டனுக்கு வெளிக்கிட்டனான், நேர்ஸிங் படிக்க. ஒருத்தரும் என்னைக் கடிச்சுத் தின்னேல்லை" என்றார் அன்ரி. "ஆனா உங்கட மனுசன் விடமாட்டார். அவற்ர முகத்தைப் பாத்தனான். உது நடவாது."

அம்மா குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தாள். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள்.

"கடல்ல போய் என்னடி படிப்பே?"

"ஒண்ணும் இல்லம்மா, விடு."

"கேக்கறேன்ல, சொல்லு."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். ஜன்னல் ஓரத்தில் புதிதாகப் பிடித்து வைத்திருந்த ஒரே ஒரு போத்தல் இருந்தது. ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் விட்டு, விளக்கைத் திருப்பி, "இதுல பாரு" என்றாள். அம்மா குனிந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். அக்கா திருகைத் திருப்பினாள்.

"அய்யோ!" அம்மா பின்னால் துள்ளினாள். "நீந்துதுடி!"

"உசுருதாம்மா. கண்ணுக்குத் தெரியாது. கடல்ல இது கோடி கோடியா இருக்கு. மீனெல்லாம் இதை நம்பித்தான் இருக்கு. நாமகூடத்தான்."

அம்மா மறுபடி குனிந்தாள். இந்த முறை நெடுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "நான் அன்னைக்குக் கொட்டினதிலயும் இது இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அக்கா "பரவால்லம்மா" என்றாள்.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் போய், "அவ அங்க போகட்டும்" என்றாள். அப்பா செய்தித்தாளை இறக்கவில்லை. அம்மாவும் திரும்பச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் வீட்டில் சட்டி பானைச் சத்தம்தான்.

வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல். பள்ளிக்குப் போகவில்லை. மத்தியானம் வரை கீழ்வீட்டு அன்ரி வந்து வந்து பார்த்துக்கொண்டார். இரண்டரைக்கு மேல் அவர் ட்யூட்டிக்குக் கிளம்பிப் போய்க் கொஞ்ச நேரத்தில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அப்பா. வேலை நாளில், பட்டப்பகலில், அப்பா. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் அறைக்குப் போய் அட்லஸைத் திறந்தார்.

கடிதத்தைப் பிரித்து நடைக்கூடத்து மேசையில் வைத்தார். நான் போர்வையோடு வாசலில் வந்து நின்றேன். ஒப்புதல் கடிதம் வந்து சேரவேண்டிய கடைசி நாள் அன்றுதான். அக்கா வேண்டுமென்றே அந்த நாளைத் தாண்டவிடப் பார்த்திருக்கிறாள். தபாலில் போட்டால் அடுத்த வாரம்தான் போய்ச் சேரும்.

அப்பா சட்டைப் பையில் இருந்து ஒரு துண்டு டிரேசிங் பேப்பரை எடுத்தார். வரைபடத்தில் எழுதுவதைப் போலப் பெரிய எழுத்தில், எண் போட்டு, என்னவோ எழுதியிருந்தார். அதைக் கடிதத்துக்குப் பக்கத்தில் நேராக வைத்து, ரிசீவரை எடுத்தார். மறுபடி வைத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அப்பா, நான் பேசட்டுமா?" என்று கேட்டேன். எனக்கும் அக்கா மாதிரி ஆங்கிலம் வந்துவிட்டிருந்தது.

"வேண்டாம்" என்றார். "நான்தானே அவளுக்கு அப்பா."

ஆபரேட்டர் இணைப்புக் கொடுக்கும்போதே முதல் "பார்டன்?" வந்துவிட்டது. அப்பா ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். ஆபரேட்டர் ஏதோ சொல்ல, அப்பா திடுக்கிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கரையில் மணி எங்களை விட ஒன்று கூட. இங்கே மூன்று அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அங்கே ஆபீஸ் மூடுகிற நேரம். அந்தப் பக்கம் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று எண்ணியபோது ஒரு பெண் எடுத்தார்.

அப்பா தன் பெயரைச் சொன்னார். பார்டன்? திரும்பச் சொன்னார். அக்காவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். பார்டன்? கழுத்தில் நரம்பு புடைத்தது. பக்கத்தில் நின்ற எனக்கே அந்தக் கருவியைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. அவசரப்படவும் இல்லை. மூன்றாவது முறை, நாலாவது முறை, அதே நிதானத்தோடு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் சேர்த்துச் சொன்னார். ஆப்பிளின் ஏ. நியூயார்க்கின் என். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் காகிதம் புரளும் சத்தம். பிறகு அந்தப் பெண்ணின் குரல் எனக்கே கேட்டது. "ஓ! தண்ணீர்க் கட்டுரை எழுதிய பெண்ணா?"

அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

இடத்தைப் பிடித்துவைக்க முடியுமா என்று கேட்டார். மாணவியே எழுத வேண்டும், ஆனால் ஒரு வாரம் பொறுக்கிறோம் என்றார் அந்தப் பெண். அதற்குப் பிறகு அப்பா டிரேசிங் பேப்பரைக் கையில் எடுத்தார். பெண்கள் விடுதி தனியா? அறைக் கதவுக்குப் பூட்டு உண்டா? மீனும் இறைச்சியும் சாப்பிடாத பெண்ணுக்கு என்ன கொடுப்பீர்கள்? ஒவ்வொன்றுக்கும் பதிலை எழுதிக்கொண்டார். கடைசிக் கேள்வி தாளில் இல்லை என்று நினைக்கிறேன். பேப்பரைக் கீழே வைத்த பிறகு கேட்டார்.

"உங்கள் கல்லூரியில் இருந்து கடல் எவ்வளவு தூரம்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டு என்னவோ சொன்னார். அப்பாவும் சிரித்தார். அவர் நன்றி சொல்லி வைத்தபோது நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. என்னைப் பார்த்து, "ஜன்னலைத் திறந்தா உள்ள வந்துடுமாம்" என்றார்.

அக்கா நாலு மணிக்கு வந்தாள். பையை இறக்குவதற்குள் அப்பா சொல்லிவிட்டார். "ஒரு வாரம் டைம் வாங்கியிருக்கேன். எங்க போறதுன்னு நீ சொல்லு. நான் சொல்லமாட்டேன்."

அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நான் நினைத்தேன். கோபப்பட்டாள். "யார் உங்களைக் கேட்டா? நான் தான் முடிவு பண்ணிட்டேன்னு சொன்னேனே! நான் போய்ட்டா யார் பேசுவா? அம்மாவுக்கு டாக்டர்கிட்ட யார் பேசுவா? உங்களுக்கு யார் பேசுவா?"

"இன்னைக்கு நான்தான் பேசினேன்" என்றார் அப்பா.

"நீங்களா?"

"நானேதான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதுதான் உள்ளே நுழைந்த அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆனால் அன்றைக்கே அவள் முடிவு சொல்லவில்லை. இதைப் பலரும் கதையில் விட்டுவிடுகிறார்கள். திங்கட்கிழமை பள்ளி விட்டதும் தனியாகச் சப்வேயில் ஏறி ஆனர்ஸ் காலேஜுக்குப் போனாள். அந்தக் கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். அவளுக்கும் அந்த இடம் பிடித்திருந்தது. சும்மா ஒன்றும் அவள் அதை உதறவில்லை. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினாள். ஸ்டாம்பை நாக்கில் தடவி ஒட்டும் வேலை எனக்கு. எது ஆம், எது இல்லை என்று அவள் சொல்லவில்லை. நாலு பேரும் சேர்ந்து மூலையில் இருந்த சிவப்புத் தபால் பெட்டி வரை நடந்தோம். இரண்டையும் உள்ளே போட்டுவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க என்னை எடுத்துக்கிட்டாங்க அப்பா. அங்க என்னை வான்னு கூப்பிடறாங்க. கூப்பிட்ட இடத்துக்கே நான் போறேன்."

அப்பா "சரிம்மா" என்றார். திரும்பி நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனார். அவர் வருத்தப்படுகிறார் என்று நான் நினைத்தேன். நானும் பெற்று வளர்த்து ஒருத்தியை அனுப்பிவைத்த பிறகுதான் அந்த நடை என்னவென்று தெரிந்தது. முகத்தை எங்களுக்குக் காட்ட அவருக்கு விருப்பமில்லை; ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது.

ஃபுல் ஸ்காலர்ஷிப் என்பதால்தான் அனுப்பினார் என்று மிசிசாகா மாமா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா மறுத்ததே இல்லை. கீழ்வீட்டு அன்ரி மட்டும் அம்மாவிடம், "நான் அவரைப் பிழையா விளங்கிட்டன். அவரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். அடுத்த வாரத்தில் இருந்து இரண்டு பேரும் சேர்ந்து நூலகத்தில் நடந்த ஆங்கில வகுப்புக்குப் போனார்கள். அன்ரிக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும், அம்மாவுக்குத் துணைக்குப் போனார்.

அக்காவுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. ஆராய்ச்சிக் கப்பல்களில் அவள் போகாத கடல் கொஞ்சம்தான். ஆனர்ஸ் காலேஜுக்குப் போயிருந்தாலும் நன்றாகத்தான் வந்திருப்பாள் என்று அவளே சொல்வாள். இருக்கலாம். நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது அவள் பட்டம் வாங்கிய நாளைப் பற்றி.

நாலு வருடம் கழித்து, மே மாதம், மூன்று பேரும் ஒன்றரை நாள் ரயிலில் போனோம். எனக்குப் பதினைந்து வயது. எல்லாவற்றுக்கும் வெட்கப்படுகிற வயது. கல் வாசலும் இல்லை, படங்களும் இல்லை. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம் மாதிரி ஒரு மண்டபம், மடக்கு நாற்காலிகள். காற்றில் உப்பு. சுற்றிலும் மீனவர்கள், விவசாயிகள், அவர்களுடைய மனைவிமார், எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில். அம்மா மாம்பழக் கலர் பட்டுப் புடவை கட்டியிருந்தாள். எல்லோரும் பார்க்கிறார்களே என்று நான் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தேன்.

பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் கைதட்டல், யாரும் எழுந்திருக்கவில்லை. அக்காவின் முறை வந்தபோது வாசித்தவர் ஒரு நொடி நிறுத்தி, மூச்சு இழுத்து, அவளுடைய நீளமான பெயரைத் தடங்கல் இல்லாமல் முழுதாக வாசித்தார். அம்மா எழுந்து நின்றாள்.

நான் புடவையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, உக்காரு. யாரும் நிக்கல."

"நான் நிக்கிறேன்ல" என்றாள் அம்மா.

அப்பா எழுந்தார். எங்களுக்குப் பின்னால் இருந்த பெரிய உருவக்காரர் ஒருவர், இங்கே இப்படித்தான் செய்யவேண்டும்போல என்று நினைத்தாரோ என்னவோ, மனைவியைத் தொட்டு எழுப்பி, தானும் எழுந்தார். அந்த வரிசை எழுந்தது. எங்களுக்கு முன் வரிசை திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்தது. நாற்காலிகள் கடகடவென்று நகரும் சத்தம் மண்டபத்தின் கடைசி வரை போனது. அக்கா மேடையில் சுருட்டிய தாளை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, அந்தக் கடலோர ஊரில் இருந்த அத்தனை பேரும் அவளுக்காக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.

நானும் எழுந்தேன்.